அவர் வந்த பிறகு

குணேஸ்வரி அக்கா என்னிடம் ஆங்கிலம் படிக்க வந்தது டொரண்டோவுக்காக. ஆங்கிலத்தின் மேல் அவருக்குத் தனியாக ஒரு பிரியமும் கிடையாது. அவருடைய கணவர் விமலநாதன் கொழும்பில் ஒரு இரும்புக்கடையில் வேலை பார்த்துக்கொண்டு விசாவுக்காகக் காத்திருந்தார். விசா வந்ததும் அவர் மொன்றியலுக்கு வருவார். பிறகு இருவருமாக டொரண்டோவுக்குக் குடிபோவார்கள். அங்கே விமலநாதனின் தமையன் வீடு வாங்கி, நிலவறையை இவர்களுக்கென்று ஒதுக்கி வைத்திருந்தார். விமலநாதனுக்கு இங்கிலீஷ் வரும், பிரெஞ்சு ஒரு சொல்கூட வராது. அப்புறம் மொன்றியலில் அவருக்கு என்ன வேலை? எல்லாம் முடிவான விஷயம். அக்காவைத் தவிர எல்லோரும் சேர்ந்து முடிவு செய்திருந்தார்கள்.

நான் ஆசிரியை கிடையாது. மேலப்பாளையத்தில் பிறந்து, சென்னையில் படித்து, 2002-ல் மொன்றியலில் ஒரு கம்பெனிக்கு சாஃப்ட்வேர் சோதிக்க வந்தவள். அடுத்தவர் எழுதியதில் தப்பு கண்டுபிடிக்க எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் என் கீழ்வீட்டுக்காரர் கிறகரி அண்ணன். துறைமுகத்துப் பக்கம் ஒரு கிடங்கில் வேலை. ஒருநாள் மாடிப்படியில் என்னை நிறுத்தி, எங்கட சனத்துக்குக் கொஞ்சம் இங்கிலீசு சொல்லிக் கொடுத்தால் என்ன என்று கேட்டார். எப்படி மறுப்பது என்று நான் யோசித்து முடிப்பதற்குள் தேவாலயத்து நிலவறையில் இடம் பிடித்து, நாற்காலி போட்டு, ஆளையும் கூட்டிவிட்டார். திங்கட்கிழமை மாலை வகுப்பு. ஷபானா என்ற பெயரை ஒரே வாரத்தில் எல்லோரும் மறந்து ‘ரீச்சர்’ ஆக்கிவிட்டார்கள். அதில் பாதிப் பேர் என் அம்மா வயசு.

நவம்பரில் ‘வென்’ பாடத்துக்கு வந்தோம். ஒன்று நடந்த பிறகு இன்னொன்று நடக்கும் என்று சொல்லும் வாக்கியங்கள். பஸ் வந்ததும் ஏறுவேன், மழை விட்டதும் போவேன் மாதிரி. ஆங்கிலத்தில் ‘வென்’ போட்ட பாதிக்கு நிகழ்காலம், மற்ற பாதிக்குத்தான் ‘வில்’. நான் அதை ஐந்து நிமிஷத்தில் சொல்லி முடிக்கிற விஷயம் என்று நினைத்திருந்தேன். மூன்று வாரம் ஆனது. இவர்கள் எல்லோரும் வந்த புதிதில் அரசாங்க வகுப்பில் பிரெஞ்சு படித்தவர்கள். பிரெஞ்சில் இரண்டு பாதிக்கும் எதிர்காலம். நம் தமிழிலோ ‘வந்த பிறகு போவேன்’ என்கிறோம். இன்னும் வராத பஸ்ஸை வந்துவிட்டதாகவே வைத்துக்கொண்டு பேசுகிற தாராளம் நமக்கு. இப்படி மூன்று மொழியும் ஒரே தலைக்குள் குடியிருந்தால் சண்டை வராமல் என்ன செய்யும்?

“ரெண்டுமே இனித்தானே நடக்கப்போகுது,” என்றார் கிறகரி அண்ணன். “பிறகேன் ஒண்டுக்கு மட்டும் ‘வில்’?”

அப்படித்தான் என்று சொன்னேன். உலகத்தில் எல்லா ஆசிரியர்களும் கடைசியில் சொல்வது அதைத்தான்.

விதியை விட்டுவிட்டு வாக்கியம் சொல்லவைத்தேன். அவரவர் வாழ்க்கையிலிருந்து ஒன்று சொல்லவேண்டும். கிறகரி அண்ணன் முழங்கால் வலி நின்றதும் வாலிபால் ஆடுவேன் என்றார். இன்னொருவர் மகன் கல்யாணம் கட்டியதும் நிம்மதியாகத் தூங்குவேன் என்றார். குணேஸ்வரி அக்கா எழுந்து நின்று, பனி உருகியதும் வெங்காயத்தாள் வரும் என்றார். இலக்கணம் சுத்தம். அடுத்த வாரம் மழை விட்டதும் ஆட்கள் வருவார்கள் என்றார். அதற்கடுத்த வாரம் பீட்ரூட். அவர் ஜான்-டலோன் சந்தையில் ஒரு காய்கறிக் கடையில் வேலை செய்தார். அது சரிதான், ஆனால் காய்கறியிலா ஒரு மனுஷிக்கு எதிர்காலம் இருக்கிறது? எனக்கு எரிச்சல் வந்தது. உங்களுக்கென்றே செய்த மாதிரி ஒரு வாக்கியம் இருக்கிறதே அக்கா, உங்கள் வீட்டுக்காரர் வந்ததும் என்ன செய்வீர்கள், அதைச் சொல்லுங்கள் என்றேன்.

அக்கா சிரித்தார். “அது வேண்டாம் ரீச்சர்.”

வகுப்பு முடிந்து படியேறும்போது கிறகரி அண்ணன்தான் விளக்கினார். நல்ல காரியம் கைக்கு வருமுன் வாயால் சொல்லக்கூடாது, நாவூறு பட்டுவிடும். அக்கா அந்த விஷயத்தில் ரொம்பக் கண்டிப்பு. அகதிக் கோரிக்கை ஏற்கப்பட்டதைக்கூட அட்டை கையில் வந்த பிறகுதான் கணவருக்கே சொன்னாராம். எங்கள் வீட்டிலும் இது இல்லாமல் இல்லை. ஆனால் உம்மா எந்த ஆசையைச் சொன்னாலும் முன்னால் ஒரு ‘இன்ஷா அல்லாஹ்’வைப் போட்டுப் பத்திரப்படுத்திவிடுவாள். அக்காவுக்குத் தெரிந்த ஒரே பத்திரம் மௌனம்.

ஜனவரி கடைசியில் ஒரு சனிக்கிழமை நான் அந்தச் சந்தைக்குப் போனேன். குளிருக்குச் சந்தையைச் சுற்றிச் சுவர் அடைத்திருந்தார்கள். உள்ளே மண் வாசனை. அக்காவின் கடையைத் தேட வேண்டியிருக்கவில்லை, குரலே காட்டிக் கொடுத்தது. வகுப்பில் முட்டைக்குள்ளிருந்து பேசுகிற மாதிரிப் பேசும் மனுஷி அங்கே பிரெஞ்சில் அதட்டிக்கொண்டிருந்தார். ஒரு கிழவர் முட்டைக்கோஸைப் பிடித்துப் பிடித்துப் பார்க்க, அதை அவர் கையிலிருந்து வாங்கி வேறொன்றைத் திணித்து, இதுதான் உனக்கு, போ என்கிற மாதிரி ஏதோ சொன்னார். கிழவர் நன்றி சொல்லிப் போனார். இன்னொரு பெண்ணிடம் அவள் குழந்தையின் சளியைப் பற்றி விசாரித்தார். எனக்கு அந்த அக்காவைத் தெரியாது. பார்க்கப் பிடித்திருந்தது.

கடைக்காரர் றெஜான் எழுபதை நெருங்கிய விவசாயி. நகரத்துக்குத் தெற்கே சொந்த நிலம் வைத்திருந்தார். நான் அக்காவின் ஆங்கில ஆசிரியை என்று தெரிந்ததும், தெரிந்த அரைகுறை ஆங்கிலத்தில் என்னிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். இனி தன்னால் தோட்டத்தையும் கடையையும் சேர்த்துப் பார்க்க முடியாது. மே மாதத்திலிருந்து கடை இவளுடையது. விளைச்சல் தன்னிடமிருந்து வரும், கடையை இவள் தன் பெயரில் நடத்தவேண்டியது. இவள் மட்டும் சரி என்று சொல்லவேண்டும். மார்ச் முடிவதற்குள் சொல்லாவிட்டால் வேறு ஆள் பார்க்க வேண்டிவரும், ஆனால் வேறு ஆள் யார் இருக்கிறார்கள் இவளைப் போல என்று அவரே கேட்டுக்கொண்டார்.

நான் அக்காவைப் பார்த்தேன். மகிழ்ச்சியைத் தேடினேன். அவர் முகத்தில் இருந்தது பயம். என் கையைப் பிடித்துப் பெட்டிகள் அடுக்கியிருந்த மறைவுக்கு இழுத்துக்கொண்டு போனார்.

“ரீச்சர், இதை ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ.”

உங்கள் வீட்டுக்காரருக்குத் தெரியுமா என்றேன். அவருக்கும் சொல்லவில்லை, கைக்கு வரட்டும் என்றார். நான் சும்மா இருப்பேனா? நீங்கள் சரி என்று சொன்னால்தானே அது கைக்கு வரும், சரி என்று சொல்லவேண்டுமென்றால் டொரண்டோவுக்கு வரமாட்டேன் என்று அவரிடம் முதலில் சொல்லவேண்டுமே என்றேன். அக்கா ஒரு லீக்ஸ் கட்டின் காய்ந்த தாளை உரித்துக்கொண்டிருந்தார்.

“எனக்கு இந்தக் கடை வேணும் ரீச்சர்,” என்றார். “சரியான விருப்பம். அதுதான் வாய் திறக்கப் பயமாக் கிடக்கு.”

பிப்ரவரியில் விசா வந்தது. ஏப்ரல் கடைசியில் விமலநாதன் வருவதாக டிக்கெட் போட்டார்கள். திங்கட்கிழமை வகுப்பில் எல்லோரும் அக்காவைச் சூழ்ந்துகொண்டார்கள். அவர் இனிப்பு கொண்டுவந்து கொடுத்தார். விசா கைக்கு வந்த விஷயம், அதைச் சொல்லலாம். டொரண்டோவில் தமையன் வேகமாக இயங்கினார். அக்காவுக்கு ஒரு ரொட்டித் தொழிற்சாலையில் பொதி கட்டும் வேலை பேசி முடித்தார். மொன்றியல் வீட்டை விடப்போவதாக வீட்டுச் சொந்தக்காரருக்குச் சொல்லிவிடச் சொன்னார். கட்டிலை விற்கவேண்டாம், வேனில் வந்து ஏற்றிக்கொள்கிறேன் என்றார். அக்கா எல்லாவற்றுக்கும் ஓம் என்றார். இல்லை என்று சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்று கேட்டால் கடையைச் சொல்லவேண்டும். பேசாமல் இருக்கிறவளைச் சம்மதித்தவள் என்று எடுத்துக்கொள்வதில் நம் ஆட்களை மிஞ்ச யாரும் இல்லை.

விமலநாதன் வாராவாரம் தொலைபேசியில் பேசுவார். அக்கா ஒவ்வொரு முறையும் இன்றைக்குச் சொல்லிவிடவேண்டும் என்றுதான் ரிசீவரை எடுப்பாராம். அவர் டொரண்டோவின் தமிழ்க் கடைகளைப் பற்றிச் சொல்வார். கோயிலுக்கு நடந்தே போகலாமாம் என்பார். இவர் ஓம், ஓம் என்பார். கல்யாணமாகி இரண்டு வருஷம்கூடச் சேர்ந்து இருந்ததில்லை. அக்கா தனியாகக் கிளம்பி வந்து ஐந்து வருஷம் ஆகிறது. “நல்ல மனுசன் ரீச்சர். ஆனா எனக்கு அவரை ரெலிபோனிலதான் தெரியும்,” என்றார் ஒருநாள். எனக்கு அந்த மனிதர் மேல் காரணமில்லாமல் கோபம் வந்தது. அவர் செய்த தப்பு என்று சொல்ல ஒன்றுமே இல்லை.

மார்ச் கடைசித் திங்கள் எங்கள் கடைசி வகுப்பு. பரீட்சை என்று பெயருக்கு ஒன்று வைத்தேன். ஒவ்வொருவரும் முன்னால் வந்து, வரும் கோடையைப் பற்றி ‘வென்’ போட்டுச் சில வாக்கியங்கள் சொல்லவேண்டும். கிறகரி அண்ணனின் முழங்கால் இன்னும் சரியாகியிருக்கவில்லை, வாலிபால் அப்படியே இருந்தது. மற்றவர்களும் தங்கள் பிள்ளைகளையும் லீவுகளையும் சொல்லி முடித்தார்கள். குணேஸ்வரி அக்கா கடைசி. நான் பீட்ரூட்டுக்குத் தயாராக இருந்தேன்.

அவர் முன்னால் வந்து, கைகளை முன்னால் கோத்துக்கொண்டு, சுவரைப் பார்த்துச் சொன்னார்.

“வென் மை ஹஸ்பன்ட் கம்ஸ், ஐ வில் நொட் கோ டு ரொறொன்ரோ.”

கணவர் வந்ததும் டொரண்டோவுக்குப் போகமாட்டேன். கிறகரி அண்ணன்தான் முதலில் அசைந்தார். பாவம், உதவி செய்யத்தான் நினைத்தார்.

“பிள்ளை, ‘நொட்’ வராது. ‘ஐ வில் கோ’ எண்டால் போதும்.”

“வரும் அண்ணை,” என்றார் அக்கா. பிறகு மிச்சத்தைத் தமிழில் சொன்னார். றெஜான் கடையைத் தருகிறார், நான் எடுக்கப்போகிறேன், நாளைக்குக் காலையில் அவருக்குச் சொல்லப்போகிறேன் என்றார். சொல்லிவிட்டுத் தன் இடத்தில் போய் உட்கார்ந்து, பையிலிருந்து கையுறைகளை எடுத்துப் போட்டுக்கொண்டார். நான் இலக்கணம் சரி என்று சொன்னேன்.

ஏன் வீட்டில் வைத்துத் தொலைபேசியில் சொல்லாமல் பத்துப் பேர் முன்னால் சொன்னார் என்று பிறகு கேட்டேன். அவருக்குச் சொல்லப் பயம், இஞ்ச சொன்னால் தானாப் போய்ச் சேரும்தானே என்றார். சரியான கணக்கு. எங்கள் வகுப்பில் உள்ளவர்களுக்குத் தெரிந்த ஒரு விஷயம் டொரண்டோ போய்ச் சேர நெடுஞ்சாலை தேவையில்லை. மறுநாள் அக்கா றெஜானிடம் சரி என்று சொல்லிவிட்டு மத்தியானம் வீட்டுக்கு வருவதற்குள் தமையன் மூன்று முறை கூப்பிட்டிருந்தார். நான்காவது முறை அக்கா எடுத்தார். தம்பியைக் கூப்பிட்டுவிட்டுக் கைவிடுகிறாயா, மரக்கறி விற்கவா ஸ்பொன்சர் செய்தாய் என்று அவர் கத்தினாராம்.

அடுத்த நாள் விமலநாதன் பேசினார். கத்தவில்லை. கடையில் என்னென்ன விற்கும் என்று கேட்டார். அக்கா சொன்னார். முதலிலேயே ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். சொன்னால் நடக்காமல் போய்விடும் என்று பயந்ததாகச் சொன்னார்.

“அப்ப, நான் வாறது உமக்கு விருப்பமில்லையோ?”

“விருப்பம்,” என்றார் அக்கா. “ஆனா நான் இஞ்சதான் இருப்பன்.”

விமலநாதன் பாப்பம் என்று சொல்லி வைத்துவிட்டார். அப்படியென்றால் என்ன அர்த்தம் என்று கிறகரி அண்ணனிடம் கேட்டேன். யாழ்ப்பாணத்து ஆள் பாப்பம் என்றால் ஓம், இல்லை, யோசிக்கிறேன், கோபமாயிருக்கிறேன் எல்லாம் ஒன்றுதான் என்றார்.

ஏப்ரல் நடுவில் செய்தி வந்தது. தமையன் டிக்கெட்டை மாற்றிவிட்டார். விமலநாதன் மொன்றியலுக்கு வரவில்லை, நேரே டொரண்டோவில் இறங்குகிறார். இதையும் அக்கா கிறகரி அண்ணன் வாயால்தான் கேட்டார். நான் அன்று மாலை சந்தைக்குப் போனபோது அவர் பெட்டிகளுக்குப் பின்னால் கவிழ்த்துப் போட்ட கூடை மேல் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். சொல்லியிருக்கக் கூடாது, சொன்னதால்தான் இப்படி ஆனது என்றார். நான் அதெல்லாம் ஒன்றுமில்லை அக்கா என்றேன். என் பேச்சை அவர் நம்பவில்லை, சொன்ன எனக்கே அவ்வளவு நம்பிக்கை இல்லை. சும்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். இப்பவும் நேரமிருக்கு, வேண்டுமானால் றெஜானிடம் முடியாது என்று சொல்லலாமே என்று கேட்டுப் பார்த்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையை ஆட்டினார். இல்லை என்ற ஆட்டல்தான்.

விமலநாதன் டொரண்டோவில் இறங்கினார். சுகமாக வந்து சேர்ந்தேன் என்று ஒரு போன் வந்தது. அதற்குப் பிறகு இல்லை. வகுப்புக்காரர்கள் சந்தைப் பக்கம் வந்தால் அக்காவிடம் தக்காளியைப் பற்றி மட்டும் பேசினார்கள்.

மே மாதம் சுவர்களைக் கழற்றினார்கள். கடை திறந்தவெளிக்கு வந்தது. முதல் சனிக்கிழமை நானும் போனேன், எதற்கும் ஒரு ஆள் பக்கத்தில் இருக்கட்டும் என்று. நல்ல வெயில், சரியான கூட்டம். அக்கா நாற்றுச் சட்டிகளுக்கும் கீரைக்கும் நடுவில் நிமிர நேரமில்லாமல் நின்றார். நான் பைகளைப் பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். வரிசையில் ஒருவர் கையில் ஒரு பயணப்பையோடு நின்றார். குளிர் போய்விட்ட பிறகும் தடித்த மேல்கோட்டு, அளவு பெரியது, யாரோ கொடுத்தது என்று பார்த்தாலே தெரிந்தது. அவர் முறை வந்ததும் அக்கா தலையைத் தூக்காமலே, என்ன வேண்டும் மிசியே என்று பிரெஞ்சில் கேட்டார். அவர் பதில் சொல்லவில்லை. அக்கா திரும்பவும் கேட்டார்.

“குணா,” என்றார் அவர்.

அக்கா நிமிர்ந்தார். உடனே அடையாளம் தெரியவில்லை, அதை நான் பார்த்தேன். வந்தவருக்குத் தலை பாதி நரைத்து, கன்னம் ஒட்டியிருந்தது. தெரிந்த பிறகும் அக்கா கையிலிருந்த கீரைக்கட்டை வைக்க இடம் தெரியாமல் பிடித்துக்கொண்டே நின்றார். பஸ்ஸிலா வந்தீர்கள் என்றார். ஓம் என்றார் அவர். தமையனுக்குத் தெரியுமா என்றார். சொல்லிவிட்டுத்தான் வந்தேன், கோபம்தான் என்றார் அவர். பின்னால் நின்ற பெண்மணி மணிக்கட்டைத் திருப்பி நேரம் பார்த்தார்.

“நான் ரொறொன்ரோவுக்கு வரமாட்டன்,” என்றார் அக்கா. முகத்தைப் பார்த்து, தமிழில், மெதுவாகத்தான் சொன்னார்.

“அது தெரிஞ்சுதான் வந்தனான்.”

அக்கா தலையை ஆட்டினார். வரிசையைக் காட்டி, கொஞ்சம் இருங்கோ, ஆட்கள் நிக்கினம் என்றார். நான் நகர்ந்து ஒரு பெட்டியை இழுத்துப் போட்டேன். விமலநாதன் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அக்கா அடுத்த பெண்மணியின் பக்கம் திரும்பினார். ஏப்ரனில் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்ன வேண்டும் என்று கேட்டார்.